பூட்டு என்று எழுதினேன்

கொசுப்புழு பார்க்கப் போகிறவளுக்குப் பூட்டிய வீடு கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உள்ளே போய் ஒவ்வொரு குடத்துக்குள்ளும் குனிந்து பார்க்க வேண்டாம். "இப்பதான் தரையத் தொடச்சேன், செருப்ப வுட்டுட்டு வா" என்று பாட்டு வாங்க வேண்டாம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்த் தட்டை உருவிவிட்டு முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கதவு நிலையில் சாக்பீஸால் தேதியைப் போட்டு, பக்கத்தில் 'பூட்டு' என்று எழுதினால் அந்த வீடு முடிந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது வீடு பார்க்க வேண்டும். அதில் பத்துப் பூட்டு அமைந்தால் மதியச் சாப்பாட்டை மதியத்திலேயே சாப்பிடலாம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போவதில் ஒரு பேய் வருகிறது. பேய் மேல் பழியைப் போட்டுவிட்டு அம்சவல்லி நழுவிக்கொண்டாள் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

அம்சவல்லி நான்தான். சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் போகிற வழியில் எங்கள் ஊர். ஆறு வருஷமாக டெங்கு மஸ்தூர் வேலை. கையில் ஒரு டார்ச், ஒரு கரண்டி, தொட்டிகளில் ஊற்றுகிற மருந்து பாட்டில், நோட்டு, சாக்பீஸ். எனக்கு ஜோடி லிடியா. அவள் எனக்கு முன்னாலேயே இந்த வேலைக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற அதே குரலில் வீட்டுக்காரர்களைத் திட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் தெருவுக்குள் நுழைந்தாலே "கொசு மருந்துக்காரிங்க வந்துட்டாங்க" என்று ஆளாளுக்கு டிரம்மை மூட ஓடுவார்கள்.

எங்கள் பகுதியில் மூடவே மூடாத இடம் சந்திரம்மாள் லைன்தான். சந்திரம்மாள் தன் நெல் வயலில் மண் கொட்டி மேடாக்கி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு வரிசையாக ஏழு அறை கட்டி, கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வரும். அதனால் அறைக்கு ஒரு நீல டிரம், அதுபோக பக்கெட், பெயிண்ட் டப்பா, பாதி வெட்டிய தண்ணீர் கேன். மருந்து ஊற்றினால் தண்ணீர் நாறுகிறது என்று நாங்கள் போனதும் கொட்டிவிடுவார்கள். கொட்டினதைக் கழுவ மாட்டார்கள். கொசு முட்டை பக்கெட்டின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டு, அடுத்த லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும். யாரைக் குற்றம் சொல்வது? குழாயில் தினம் தண்ணீர் வந்தால் யார் பிடித்து வைக்கப் போகிறார்கள்?

பகல் பதினொரு மணிக்கு அந்த லைனுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் நடுநிசிக்கு இருக்கிற அமைதி அங்கே பட்டப்பகலில் இருக்கும். நைட் ஷிப்ட் முடித்த பிள்ளைகள் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தூங்குவார்கள். ஃபேன் மட்டும் சுற்றுகிற சத்தம் கேட்கும். கொடியில் ஒரே நிறச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். வெயில் அடிக்கும், காக்கை கத்தும், மனிதக் குரல் இருக்காது. எனக்கு அந்த இடம் என்றைக்குமே பிடித்ததில்லை.

ஆறு அறைகள் முன்பக்கம். ஏழாம் அறை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக. அதற்கு ஜன்னல் கிடையாது. பிளாஸ்டிக் கதவு. கதவின் கீழ் மூலை உடைந்து கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் தங்கி வேலைக்குப் போன சந்தனமாரி என்ற பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்போது அந்த லைனுக்கு லிடியாதான் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல் வைத்து, தொட்டிக்கு மூடி போடுகிற வரைக்கும் ஏழாம் அறையை வாடகைக்கு விடக் கூடாது என்று சுகாதார ஆய்வாளர் சொல்லிவிட்டார். "அது காலி ரூமும்மா" என்று சந்திரம்மாள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் போகிறபோதெல்லாம் 'பூட்டு' என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரு பழக்கம். பூட்டியிருந்தாலும் டார்ச்சால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுதுவேன். எழுதுகிறதற்கு முன்னால் ஒரு மரியாதை, அவ்வளவுதான். அக்டோபர் முதல் மழை பெய்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழாம் அறைக் கதவில் டக் டக் என்று தட்டிவிட்டு, சாக்பீஸைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன்.

உள்ளேயிருந்து டக் டக் என்று கேட்டது.

பல்லியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு, பல்லிக்குக் கணக்குத் தெரியுமா என்றும் பார்த்துவிடலாம் என்று மூன்று முறை தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மெதுவாக, தரையோடு ஒட்டின மாதிரித் தாழ்வாக, மூன்று முறை கேட்டது. என் முழங்கை வரைக்கும் மயிர் சிலிர்த்து நின்றது. திரும்பிப் பார்த்தால் லிடியா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்துடுடி அம்சா. அது தட்டும். நீ கண்டுக்காத."

"எது தட்டும்?"

"வான்னு சொல்றேன்ல. யேசப்பா, வாடின்னா!"

அவள் ஓடினாள். ஊரையே அதட்டுகிறவள் ஓடுகிறாள், நான் நின்றுகொண்டா இருப்பேன்? 'பூட்டு' என்று கோணல்மாணலாக எழுதிவிட்டு நானும் ஓடினேன். சாலைக்கு வந்து மூச்சு வாங்கின பிறகு, "சந்தனமாரி" என்று மட்டும் சொன்னாள். மேலே கேட்பதற்குள் அடுத்த தெருவுக்குள் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு காய்ச்சல் தொடங்கியது. முதலில் ஐந்தாம் அறையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற பையன். அப்புறம் மூன்றாம் அறையில் இரண்டு பேர். எதிர்வீட்டுக் கைக்குழந்தை. பத்து நாளில் எட்டுப் பேர். காய்ச்சல் கண்ட பகுதி என்பதால் வாரத்துக்கு மூன்று முறை போகச் சொன்னார்கள். சுகாதார ஆய்வாளர் ஆறுமுகநயினார் ஒரு வெள்ளைத்தாளில் லைனை வரைந்து, காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. புள்ளிகள் எல்லாம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தன.

"இந்தக் கொசு ரொம்பத் தூரம் பறக்காதும்மா. இந்த வட்டத்துக்குள்ளதான் எங்கயோ ஒரு பாத்திரம் நம்ம கண்ணுல படாமக் கெடக்கு. அது பகல்ல கடிக்கிற கொசு. நம்ம ஆளுவ ராத்திரிக்கு வலை கட்டுதானுவ. நைட் ஷிப்ட் பாத்துட்டுப் பகல்ல தூங்குதவனுக்கு யாரு வலை கட்டுதா? கொசுவுக்குப் பந்தி போட்ட மாதிரில்லா கெடக்கான்!" என்றார். பிறகு தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். "இதுல நீங்க பாக்காத ரூம் எது?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். ஏழாம் நம்பர். காலி ரூமு."

"காலி ரூம்ல தண்ணி இருக்காதுன்னு யாரு சொன்னா? சாவிய வாங்கித் தெறந்து பாருங்க."

லிடியா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அறைக்குள் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அரசாங்க ஆளிடம் போய்ப் பேய் பிசாசு என்று சொன்னால் சிரிப்பார் என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

சந்திரம்மாளிடம் சாவி கேட்டேன். அவள் மோர் கொடுத்தாள். அவள் மோர் எப்போதும் நன்றாக இருக்கும்.

"சாவி எம் புள்ளகிட்ட கீது. அவன் பெங்களூர்ல கீறான். அடுத்த வாரம் வருவான், வந்தா தரேன். இன்னாத்துக்கும்மா அந்த ரூமப் பத்தியே பேசிகினு கீறே? வெளில தெரிஞ்சா ஒருத்தரும் என் லைனுக்கு வரமாட்டாங்க. அந்தப் பொண்ணு போனதுலேருந்து நானே அந்தாண்ட போறதில்ல."

அவள் கண்ணில் பயம் இருந்தது. நான் அதைப் பேய்ப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் அறையில் தொங்கிய பூட்டு புதுப் பூட்டு. வெயிலில் பளபளவென்று மின்னும். இரண்டு வருஷம் காலியாகக் கிடக்கிற அறைக்கு எதற்குப் புதுப் பூட்டு, பேய் என்ன பூட்டிக்கொண்டு வேலைக்கா போகிறது என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் வரவில்லை. பூட்டைப் பார்த்தால் என் கை தானாகச் சாக்பீஸைத் தேடும். ஆறு வருஷப் பழக்கம் அப்படி.

அதற்கு அடுத்த இரண்டு முறையும் தட்டினேன். வேண்டாம் என்று நினைத்தாலும் கை தட்டியது. இரண்டு முறையும் பதில் வந்தது. ஒரு முறை தட்டிவிட்டுக் கீழே பார்த்தேன். உடைந்த மூலையிலிருந்து கொசு வந்துகொண்டிருந்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. கூட்டமாக இல்லை, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் வெளியே வந்து என் கணுக்காலைச் சுற்றியது. உள்ளே புழு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவுக்கே காய்ச்சல் வருவது அந்த அறையிலிருந்துதான் என்றும் தெரியும். திறந்தால் எட்டு ஒன்பதாகாமல் நிறுத்தலாம். ஆனால் திறந்தால் உள்ளே அவள் உட்கார்ந்திருப்பாளே? நான் திறக்கவில்லை.

ஒன்பதாவது ஆள் லிடியாவாகவே ஆனாள்.

வியாழக்கிழமை அவளை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போனேன். போகும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு கொத்து வேப்பிலையும் இருந்தன. ஏழாம் அறைக் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு தட்டு கேட்டது. பலமில்லாத தட்டு. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வேப்பிலையை உடைந்த மூலைக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தேன்.

"சந்தனமாரி, நான் உனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. லிடியாவும் ஒண்ணும் பண்ணல. அவளை வுட்டுடு" என்று சொல்லிக் கும்பிட்டேன். பிறகு தேதியைப் போட்டு, 'பூட்டு' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை போனபோது வேப்பிலை காய்ந்து அங்கேயே கிடந்தது. எலுமிச்சம்பழத்தைக் காணவில்லை. எலி எடுத்திருந்தால் தோலாவது கிடக்கும். சுற்றிலும் தேடினேன், இல்லை. ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். அடிக்கவில்லை. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கதவைத் தட்டாமலேயே 'பூட்டு' என்று எழுதினேன். எழுதும்போது சாக்பீஸ் உடைந்து விழுந்தது. அதைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் லிடியாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொசுவலைக்குள் படுத்திருந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு ஐந்தே நாளில் வற்றிப்போயிருந்தது. ஆனால் ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, பிழைத்துக்கொள்வாள் என்று நர்ஸ் சொன்னார். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "உன் சந்தனமாரிக்குப் பழம் வெச்சேன்டி. எடுத்துகினா. இனிமே உன்னை வுட்டுடுவா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

"பழம் எடுத்துகிச்சா?"

"ஆமா. தோலுகூட இல்ல."

"பேயி எலுமிச்சம்பழம் துன்னுமாடி?"

அவள் வலைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்சா, உன்கிட்ட ஒண்ணு சொல்லல நான். ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்தப் பொண்ணு உசுரோட இருந்தப்பவே தட்டினா. கூட இருந்த பொண்ணுங்க அவளை உள்ள வெச்சி வெளில பூட்டிகினு வேலைக்குப் போயிடுவாங்க. நான் தட்டினேன். உள்ளேருந்து தட்டினா. சரி, யாரோ நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்குது, எழுப்பினா திட்டும்னு பூட்டுன்னு எழுதிட்டு வந்துட்டேன். மூணாம் நாளு செத்துட்டா. சொரத்துல படுத்துகினு தட்டியிருக்கா. அப்புறம் அது காலி ரூமுன்னாங்க. காலி ரூமுல தட்டினா அவதானே? என்னைத்தானே தேடுவான்னு நெனச்சிகினு..."

மீதியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு உயிரோடிருந்தவள் தட்டியிருக்கிறாள். அப்படியென்றால் இன்றைக்குத் தட்டுகிறது யார்?

ஆட்டோவில் வந்தேனா ஓடி வந்தேனா என்று எனக்கு நினைவில்லை. லைனில் நான் போய் நின்றபோது மணி பதினொன்று. அதே அமைதி. ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஏழாம் அறைக்கு முன்னால் வந்தேன். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

மெல்லிய தண்ணீர். சிமெண்ட் தரையில் ஒரு கோடாக வந்து, என் செருப்பைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து போனது. அதில் புழுக்கள் இருந்தன. உயிருள்ள புழுக்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒதுங்கி, வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து துடித்தன. உள்ளே யாரோ இப்போதுதான் தண்ணீரைக் கவிழ்த்திருக்கிறார்கள்.

டார்ச்சால் தட்டினேன். இரண்டு முறை. கதவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். பதில் இல்லை.

தொட்டிப் பக்கம் கிடந்த ஹாலோபிளாக் கல்லை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. பூட்டு உடையவில்லை. பூட்டு நல்ல பூட்டு. நாலாவது அடியில் தாழ்ப்பாள்தான் ஸ்குருவோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

உள்ளே இருட்டும் வெக்கையும். கதவைத் திறந்ததும் கொசுக்கள் என் முகத்தில் மோதின. நாலு பாய், நாலு பை, ஆணியில் கம்பெனி அடையாள அட்டைகள். மூலையில் மூடியில்லாத நீல டிரம். டிரம்முக்கும் பாய்க்கும் நடுவில், கவிழ்ந்த பக்கெட்டுக்குப் பக்கத்தில், கம்பெனிச் சட்டையோடு ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். இருபது வயதிருக்கும். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. நான் அலறினேன். பேயைப் பார்த்திருந்தால்கூட அப்படி அலறியிருக்க மாட்டேன்.

சத்தம் கேட்டு மற்ற அறைக் கதவுகள் திறந்தன. தூக்கக் கலக்கத்தோடு பையன்கள் வந்தார்கள். சந்திரம்மாளும் தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தாள்.

"நான் பூட்டலம்மா, சத்தியமா நான் பூட்டல! அதுங்களேதான் பூட்டிகினு போவுதுங்க. உள் தாப்பாள் ஒடஞ்சிடுச்சி, கதவு நிக்கல. பொம்பளப் புள்ளங்க, எவனாச்சும் உள்ள பூந்துட்டா இன்னா பண்றதுன்னு..."

"உள் தாப்பாள ஏன் போட்டுத் தரல நீ?"

காலி என்று சொன்ன அறைக்கு ஆசாரியைக் கூப்பிட்டு எப்படித் தாழ்ப்பாள் போடுவாள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டார்ச்சாலேயே அவளை அடித்திருப்பேன். அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது. நிலையில் என் கையெழுத்தில், மழையில் அழியாமல் மிஞ்சின ஏழு 'பூட்டு' வரிசையாக இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் தென்றல். தியாகதுருகம் பக்கம். அறையில் மொத்தம் நாலு பேர், மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் குடிவந்தவர்கள். மற்ற மூன்று பேரும் ஜெனரல் ஷிப்ட். இவள் மட்டும் நைட் ஷிப்ட். இவள் காலையில் வந்ததும், இவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு அவர்கள் கம்பெனி பஸ் ஏறுவார்கள். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆறு மணி. ஒரே சாவிதான். வியாழக்கிழமை இவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், கஞ்சி வைத்தார்கள், நெற்றியில் துணி போட்டார்கள். லீவு எடுத்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, பூட்டிவிட்டுப் போனார்கள். நான் கதவை உடைத்த அன்றைக்குக் காலையில்தான் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று நம்பிப் போயிருக்கிறார்கள். இந்தக் காய்ச்சலில் ஆபத்து தொடங்குவதே சுரம் விட்ட பிறகுதான் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டிய வேலை யாருடையது? என்னுடையது. பூட்டிய கதவிடம் நான் எதையும் சொன்னதில்லை.

ஐந்தாம் அறைப் பையன், காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவன், ஆட்டோ பிடித்து வந்தான். அவளைத் தூக்கி என் மடியில் கிடத்திக்கொண்டேன். கை கால் எல்லாம் சில்லென்று இருந்தது. வியர்த்துக்கொண்டே இருந்தது. பல் ஈறில் ரத்தக் கசிவு. வயிறு வலிக்கிறது என்றாள். ஆட்டோ வண்டலூர் சாலையில் ஏறியதும் காற்று பட்டுக் கொஞ்சம் தெளிந்தாள்.

"நீங்கதான் கதவு தட்டுற அக்காவா?"

"ஆமாம்மா. நான்தான்."

"நீங்க எத்தன தட்டுவீங்களோ அத்தன நானும் தட்டுவேன். பாத்ரூம்ல தட்டுற மாதிரி. ஆளுங்க வந்தா பேசக் கூடாதுன்னு ஓனரம்மா சொல்லியிருந்தாங்க. அதான் தட்டுனேன். ஆள் இருக்குன்னு."

பத்து அறைக்கு ஒரு கழிப்பறை இருக்கிற ஊரில் இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவார்கள். என் வீட்டுக் கழிப்பறையில் நானே தினம் தட்டுகிறேன். ஏழாம் அறையில் மட்டும் அது எனக்குப் பேயாகக் கேட்டிருக்கிறது.

"பேசாதடி கண்ணு. தோ, வந்துடுச்சி ஆஸ்பத்திரி."

"அந்த எலுமிச்சம்பழம் நீங்களா வெச்சீங்க?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"கையை விட்டு எடுத்துக்கிட்டேன். சக்கரை போட்டு ரெண்டு நாளு குடிச்சேங்க்கா. வேற எதுவுமே உள்ள போகல, அது மட்டும்தான் போச்சு. எனக்குக் காய்ச்சல்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

நான் என்ன சொல்வேன்? உன்னைச் செத்தவள் என்று நினைத்து வைத்தேன் என்றா? "தெரியும்மா" என்று பொய் சொன்னேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரைக்கும் கழுவ முடியவில்லை.

வியாழக்கிழமை மதியம் தென்றல் செத்துப்போனாள். லிடியாவின் கட்டிலிலிருந்து நாலு கட்டில் தள்ளி. "வெள்ளிக்கிழமையே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவளோடு இருந்த மூன்று பெண்களும் கம்பெனிச் சட்டையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கையில் அந்தச் சாவி இருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அவள்தான் தன்னைத் தானே அடித்துக்கொண்டாள்.

ஆறுமுகநயினார் சார் ஏழாம் அறை டிரம்மைத் தன் கையாலேயே கவிழ்த்தார். அதன் ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். நான் தட்டல் சத்தத்தைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "'பூட்டு'ன்னு எழுதுதது ஒரு விவரமே இல்லம்மா. அத நம்ம நோட்டுல இருந்தே எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அறையை மூடினார்கள். சந்திரம்மாளைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. தண்ணீர் லாரி இப்போது தினம் வருகிறது, எத்தனை நாளைக்கோ. டிரம்முக்கெல்லாம் மூடி வந்தது. இரண்டு வாரத்தில் அந்த வட்டத்துக்குள் புதுச் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அத்தனை காய்ச்சலும் அந்த ஒரு கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது. அதைத் திறக்க ஒரு கல்லும் நாலு அடியும் போதுமானதாக இருந்தது.

லிடியா வேலைக்குத் திரும்பிவிட்டாள். யாரையும் திட்டுவதில்லை. நாங்கள் இப்போது எந்தப் பூட்டையும் விடுவதில்லை. தட்டிவிட்டு நிற்கிறோம். "உள்ள யாராச்சும் கீறீங்களா? ஒடம்பு நல்லாக் கீதா?" என்று கத்துகிறோம். தூக்கம் கெட்டுப்போன பையன்கள் உள்ளேயிருந்து கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். திட்டு கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

போன வாரம் ஏழாம் அறைச் சுவரை இடித்து ஜன்னலுக்கு இடம் விட்டார்கள். பகல் பதினொரு மணி. அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்து தரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஒரு பொருள் இல்லை. எல்லாம் கண்ணுக்கு எதிரில் தெரிகிறது. ஆனாலும் நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். டார்ச்சால் இரண்டு முறை தட்டினேன். முன்பு எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடினேனோ, அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். பேயாகவாவது இருந்து ஒரு தட்டுத் தட்டிவிடு தாயே என்று வாய்விட்டுக் கேட்டேன். லிடியா பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் நின்றோம்.

பிறகு சாக்பீஸை எடுத்து, அந்த ஏழு 'பூட்டு'க்குக் கீழே தேதியைப் போட்டு, 'ஆள் இல்லை' என்று எழுதினேன்.